ரன் ஓவர் கேசுக்கு அப்புறம் தூக்கம் போச்சு, லோகோ பைலட்டுங்க யாராவது இதைத் தாண்டி வந்திருக்கீங்களா?

அவுட்டர்_சிக்னல்:

வணக்கம். நான் லோகோ பைலட், கூட்ஸ்ல இருந்து பாசஞ்சருக்கு புரமோஷன் ஆகி கொஞ்ச காலம்தான் ஆகுது. டிவிஷன் பேரு சொல்லல, ஏன்னு புரிஞ்சுக்குவீங்க. ரன் ஓவர்னா ரயில்வேக்காரங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன், ட்ராக்ல ஆள் அடிபடுறது. ஹெட்போன் மாட்டிகிட்டு கிராஸ் பண்றவங்க இருப்பாங்க, வேணும்னே வர்றவங்களும் இருப்பாங்க, எதுவா இருந்தாலும் கேபின்ல நாம செய்யறது ஒண்ணுதான். ஹாரன் அடிக்கணும், பிரேக் போடுற ஏ-9 ஹேண்டிலை எமர்ஜென்சில போடணும், அவ்ளோதான், அதுக்கு மேல நம்ம கையில ஒண்ணும் கிடையாது. 110ல போற வண்டி நிக்க கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேணும், வளைவு திரும்பி 300 மீட்டர்ல ஆள் தெரிஞ்சா அங்கேயே கணக்கு முடிஞ்சுது.

எனக்கு இது முதல் கேஸ் இல்ல. முன்னாடி நடந்ததுக்கெல்லாம் ரெண்டு நாள் சோறு இறங்காது, அப்புறம் தானா சரியாயிடும். இந்த தடவை அந்த ஆளு கடைசி நேரத்துல நிமிர்ந்து கேபினை பார்த்துட்டாரு. நான் அவரைப் பார்த்தேன், அவரு என்னைப் பார்த்தாரு. அடுத்த ஸ்டேஷன்ல மெமோ எழுத உக்காந்தா கிலோமீட்டர் நம்பர் வரைக்கும் பேனா ஓடுச்சு, அதுக்கு கீழ ‘ஆண், சுமார் 40 வயது’ன்னு எழுதணும், எழுத வரல, ஸ்டேஷன் மாஸ்டரே பேப்பரை வாங்கி எழுதிட்டு இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க சார்னாரு. கண்ட்ரோல்ல கேட்டது எத்தனை நிமிஷம் லாஸ்னு. அவங்க வேலையை அவங்க பாக்குறாங்க, குத்தம் சொல்லல. அதே வண்டியை நானேதான் கடைசி வரைக்கும் ஓட்டிட்டு போனேன்.

இது நடந்து மாசக்கணக்குல ஆச்சு. இப்பவும் அந்த கிலோமீட்டர் போஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே கை தானா ஹாரனுக்கு போயிடுது, யாருமே இல்லாத ட்ராக்ல அடிச்சுகிட்டே போறேன், கூட இருக்குற ஏஎல்பி (அசிஸ்டென்ட் லோகோ பைலட்) பையன் ஒரு மாதிரி பாக்குறான். தூரத்துல ஒரு ஆடு தெரிஞ்சாலும், பறக்குற பிளாஸ்டிக் கவர் தெரிஞ்சாலும், கேங்மேனோட ஆரஞ்சு ஜாக்கெட் தெரிஞ்சாலும் நெஞ்சை அடைக்குது. வெளியூர்ல நாங்க ரெஸ்ட் எடுக்குற ரன்னிங் ரூம்ல படுத்தா தூங்கவே பயம், கண்ணை மூடினா அந்த முகம். வீட்ல குக்கர் விசில் அடிச்சா எந்திரிச்சு நின்னுடுறேன். பொண்ணு இப்பெல்லாம் என் பக்கத்துல வர்றதுக்கே யோசிக்குது.

டாக்டர்கிட்ட போலாம்னா ஏ-1 மெடிக்கல் (வண்டி ஓட்டுறவங்களுக்கான உடல்தகுதி டெஸ்ட்) பயம், அன்ஃபிட்னு எழுதிட்டா டேபிள் வேலை, ஓட்டுற தூரத்துக்கு தர்ற கிலோமீட்டர் அலவன்ஸ் போச்சு, வீட்டு லோன் ஓடிகிட்டு இருக்கு. அம்மா ராமேஸ்வரம் போய் தர்ப்பணம் பண்ணிட்டு வாடான்னாங்க, அதுவும் பண்ணியாச்சு. நெட்ல படிச்சு பாத்தா பிடிஎஸ்டின்னு (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு) போட்டிருக்கு, மிலிட்டரிக்காரங்களுக்குத்தான் வரும்னு நெனச்சுகிட்டு இருந்தேன். எனக்கு அட்வைஸ் வேணாங்க, இதே சீட்ல உக்காந்து இதே மாதிரி பார்த்தவங்ககூட கொஞ்சம் பேசணும். அப்படி ஏதாவது குரூப் இருக்கா? இல்லைன்னா ஆரம்பிக்கிறது எப்படி? இருக்குற வாட்ஸப் குரூப்ல எங்கேயாவது ரன் ஓவர் ஆனா இன்ஜின் முன்பக்க போட்டோதான் முதல்ல வருது, அதுல போய் என்னத்த பேசுறது.

கட்டை_வண்டி:

அண்ணே இந்த வேலைல இதெல்லாம் சகஜம். ட்ராக்குக்கு வந்தது அவன் தப்பு, உங்க மேல கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்புறம் ஏன் மனசுல போட்டு குழப்பிக்கிறீங்க. நாலு நாள் லீவு போட்டு ஊட்டி கொடைக்கானல்னு ஃபேமிலியோட போயிட்டு வாங்க, சரியாயிடும்.

ரிட்டயர்டு_மெயில்டிரைவர்:

கட்டை வண்டி தம்பி, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா இந்த ‘உன் தப்பு இல்ல’ங்கிற வார்த்தையை நான் சர்வீஸ் பூரா கேட்டிருக்கேன், அது ஒரு இம்மிகூட உதவாது. தப்பு இல்லைன்னு அவருக்கே தெரியும். தப்புன்னு இருந்தாலாவது அடுத்த தடவை திருத்திக்கலாம்னு ஒரு பிடி கிடைக்கும், இங்க அதுவும் கிடையாது, அடுத்த தடவையும் இதே மாதிரி உக்காந்து பாத்துகிட்டுதான் இருக்கணும், அதுதான் ஆளை தின்னுது.

அவுட்டர் சிக்னல் தம்பி, நான் டீசல்ல ஆரம்பிச்சு மெயில்ல முடிச்சவன். எங்க காலத்துல இதுக்கு பேரே கிடையாது. ஒருத்தர் பேய் அடிச்சிருச்சும்பாரு, ஒருத்தர் சரக்கு வாங்கி குடுப்பாரு. என் சீனியர் ஒருத்தர் இருந்தாரு, ஒவ்வொரு கேசுக்கும் கோயில்ல மோட்ச தீபம் போடுவாரு, பேரு தெரியாத ஆளுக்கு போடுறதுக்கு குருக்கள்கிட்ட என்ன பேரு சொல்றதுன்னு கேட்டு நிப்பாரு. நான் அதை கிண்டல் பண்ண மாட்டேன், தர்ப்பணம் பண்ணினதும் நல்லதுதான், செத்தவருக்கு நம்மளால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதானே. ஆனா அது அவருக்கு. உனக்கு செய்ய வேண்டியது தனி.

எனக்கு இது விட்டது எப்படின்னா, வேற லாபில (டியூட்டி சைன் ஆன் பண்ற ஆபீஸ்) இருந்து ஒருத்தர் ரன்னிங் ரூம்ல எனக்கு பக்கத்து கட்டில். நான் லைட்டை அணைக்காம உக்காந்திருக்கேன். எந்த செக்ஷன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். எனக்கும் அந்த செக்ஷன்ல ஒண்ணு இருக்குன்னாரு. அவ்ளோதான் பேச்சு. என்ன ஆச்சு எப்படி ஆச்சுன்னு ஒரு கேள்வி இல்ல. லைட்டு எரியட்டும் சார்னு சொல்லிட்டு துண்டை எடுத்து கண்ணுல கட்டிகிட்டு படுத்துட்டாரு. அன்னிக்கு நான் தூங்கினேன். குரூப்புக்கு ரிஜிஸ்டர், போர்டு, தலைவர் செயலாளர் எதுவும் வேணாம்பா, ரெண்டு பேரு போதும். யூனியன் மீட்டிங் மாதிரி ஆக்கிடாதீங்க, யூனியன் வேலை வேற இது வேற. கோரிக்கையை அங்க பேசிக்கலாம்.

எனக்கு பிரைவேட் மெசேஜ் போடு. நானும் தென்பக்கம்தான்.

மனநல_சோசியல்வொர்க்கர்:

நான் மாவட்ட மனநலத் திட்டத்துல வேலை பாக்குறேன், ரயில்வே இல்ல, அதனால உங்க ரூல்ஸ்ல ஏதாவது விட்டுட்டேன்னா ரயில்வே ஆளுங்க சேர்த்துச் சொல்லுங்க. மத்த விஷயம் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல, மிலிட்டரிக்காரங்களுக்குத்தான் வரும்ங்கிறது. 1980ல அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் இந்த பேரை அவங்க கையேட்டுல சேர்த்தப்போ வியட்நாம் போர் வீரர்கள் பெரிய காரணமா இருந்தாங்க, அதனால அப்படி ஒரு நெனப்பு ஒட்டிகிச்சு. ஆக்சிடென்ட், பாலியல் வன்முறை, சுனாமி, எதுக்கு அப்புறமும் வரலாம். நேர்ல பாத்தாலே போதும், தனக்கு அடிபடணும்னு இல்ல. சம்பவம் நடந்து முதல் மாசத்துல தூக்கம் கெடுறது, அதே ஞாபகமா இருக்குறது நெறைய பேருக்கு வரும், பெரும்பாலும் தானாவே குறையும். ஒரு மாசத்துக்கு மேல போயும் திரும்பத் திரும்ப அந்தக் காட்சி வருது, அந்த இடத்தை தவிர்க்கத் தோணுது, சத்தத்துக்கு தூக்கி வாரிப்போடுது, வீட்டுல ஒட்ட முடியல, வேலையும் பாதிக்குதுன்னா அதை தனியா சமாளிக்கப் பாக்காதீங்க. நீங்க எழுதினதை படிச்சு நான் இங்க இருந்துகிட்டு வியாதி பேரு சொல்ல மாட்டேன், நேர்ல பாக்குற டாக்டர்தான் சொல்லணும், ஆனா போய் பாக்க வேண்டிய நிலைமைங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இதுக்கு நல்ல ட்ரீட்மென்ட் இருக்கு. ட்ராமாவை மையமா வெச்சு பண்ற சிபிடிங்கிற பேச்சு சிகிச்சை, அப்புறம் ஈஎம்டிஆர்னு கண் அசைவை வெச்சு பண்ற ஒரு முறை. வழக்கமா 8ல இருந்து 12 சிட்டிங், சிலருக்கு கூடுதலா ஆகும். அதுல அந்த ஞாபகத்தை பக்குவமா, பயிற்சி உள்ள ஆளோட துணையில கொஞ்சம் கொஞ்சமா தொடுவாங்க. மாத்திரை வேணும்னா செர்ட்ரலின் மாதிரி டாக்டர் எழுதித் தருவாங்க. மெடிக்கல் ஷாப்புல போய் தூக்க மாத்திரை, அல்பிரசோலம் வாங்கி போடாதீங்க, பிடிஎஸ்டிக்கு அது பரிந்துரைக்கிற மருந்து கிடையாது, பழகிடும், உங்க வேலைல கேபின்ல அசந்துட்டா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எந்த டாக்டர்கிட்ட போனாலும் நான் ரயில் ஓட்டுறேன்ங்கிறதை முதல்லயே சொல்லிடுங்க, மருந்தை அதுக்கு ஏத்த மாதிரி பாத்து குடுப்பாங்க.

வேலை போயிடும்ங்கிற பயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 20ஆவது பிரிவு இருக்கு, சர்வீஸ்ல இருக்கப்போ இயலாமை வந்தா அரசு நிறுவனம் ஆளை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது, அந்த வேலை பாக்க முடியலைன்னா அதே சம்பள விகிதத்துல வேற வேலை தரணும். 2017 மனநலச் சட்டத்துல ரகசியம் காக்குறதும் நோயாளியோட உரிமைன்னு எழுதியிருக்கு. ஆனா இதை வெச்சு ‘யாருக்கும் சொல்லாம ஓட்டிகிட்டே இருங்க’ன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க பின்னாடி ஆயிரம் பேரு உக்காந்திருக்காங்க. ரன்னிங்ல கை விறைச்சுப் போகுது, ரெண்டு நாளா தூங்கலைன்னா சிக் (உடம்பு சரியில்லைன்னு லீவு) போடுங்க, அதுல யோசனையே வேணாம்.

குரூப் பத்தி. கூட வேலை பாக்குறவங்க சப்போர்ட் நல்லது, ட்ரீட்மென்டுக்கு போக பயப்படுறவங்களை அது போக வைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு ‘என்ன பாத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க’ன்னு கேக்காதீங்க. சம்பவம் முடிஞ்ச கையோட ஒரே ஒரு தடவை உக்கார வெச்சு எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறை உலகம் பூரா ஒரு காலத்துல பரவலா இருந்துச்சு, அது பிடிஎஸ்டியை தடுக்கல, சிலருக்கு இன்னும் மோசமாக்குச்சுன்னு ஆராய்ச்சில தெரிஞ்சு இப்ப வேணாம்னுட்டாங்க. காட்சியை விட்டுட்டு அதுக்கு அப்புறம் நடக்குறதை பேசுங்க, தூக்கம், வீடு, அடுத்த ட்ரிப், கோபம். யாராவது உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு சொன்னா அதை குரூப்புக்குள்ள வெச்சு சமாளிக்கப் பாக்காதீங்க, ஆளை தனியா விடாம உடனே 14416க்கு அடிங்க, டெலி மானஸ், 2022ல இருந்து ஓடுது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. நைட்டு ரெண்டு மணிக்கு சைன் ஆஃப் பண்ணிட்டு வந்து தூக்கம் வராம உக்காந்திருந்தாலும் அடிக்கலாம், பெரிய பிரச்சனையா இருக்கணும்னு அவசியம் இல்ல.

108_இஎம்டி:

சார் உங்க வண்டி நகர்ந்து போனதுக்கு அப்புறம் அந்த இடத்துக்கு வர்றது நாங்கதான். இத்தனை வருஷத்துல இன்ஜின்ல இருந்தவரு என்ன ஆனாருன்னு ஒரு தடவைகூட நான் யோசிச்சதில்ல, இன்னிக்கு உங்க போஸ்ட்டை படிச்சதும்தான் தோணுது.

எங்களுக்கு வாசனைதான் சார் பிரச்சனை, டெட்டால் போட்டு வண்டியை கழுவியாச்சு, யூனிஃபார்ம் துவைச்சாச்சு, ஆனா சாப்பிட உக்காந்தா வருது. எங்க லொகேஷன்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம், நாங்களா ஏற்படுத்திகிட்டதுதான், மேல இருந்து வந்தது இல்ல. மோசமான கேஸ் முடிஞ்சா அடுத்த ஷிஃப்ட்டு ஆளுகிட்ட வண்டியை ஒப்படைச்சதும் நேரா வீட்டுக்கு போறதில்ல, நானும் பைலட்டும் (எங்க டிரைவரையும் பைலட்னுதான் சொல்லுவோம்) டீக்கடைல கால் மணி நேரம் உக்காருவோம். கேஸ் பத்தி பேசினா பேசுவோம், இல்லைன்னா கிரிக்கெட். ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணி தூங்கினியான்னு கேக்கணும், அது மட்டும் கட்டாயம். தூங்கலைன்னு ரெண்டு வாரமா சொல்லிகிட்டு இருந்தான்னா ஜிஹெச்ல சைக்கியாட்ரி ஓபிக்கு கூட்டிட்டு போயிடணும். நான் போயிருக்கேன், சீட்டு வாங்குற வரிசைல தெரிஞ்ச மூஞ்சி வந்துடுமோன்னுதான் பயமே, வந்துச்சு, அவருக்கும் அதே பயம், ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

லண்டன்_ரெயில்:

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல டிரெய்ன் ஓட்டுறன். எனக்கும் ஒருக்கா நடந்தது. இஞ்ச எங்கட கொம்பனியில அப்பிடி நடந்தா அந்த டிரைவர் தொடர்ந்து ஓட்டமாட்டார், வேற டிரைவர் வந்து எடுப்பார், மனேஜர் வந்து வீட்ட கொண்டுபோய் விடுவார். பிறகு லீவு, கவுன்சிலிங், திரும்ப வேலைக்கு வரேக்க கொஞ்ச நாளைக்கு ஒராள் கேபினுக்குள்ள பக்கத்தில நிப்பார். நீங்கள் அதே வண்டிய கடைசி மட்டும் ஓட்டின எண்டு வாசிச்சதும் எனக்கு நெஞ்சு பக்கெண்டது.

என்னோட வந்து கதைச்சவர் டொக்டர் இல்லை, இன்னொரு டிரைவர், அவருக்கும் முந்தி நடந்திருக்கு. இஞ்ச கன இடங்களில ட்ரிம் எண்டு ஒரு முறை இருக்கு, ரோயல் மரைன்ஸ் படைக்குள்ள தொடங்கினது, கூட வேலை செய்யிற ஆக்களே பயிற்சி எடுத்து, சம்பவம் நடந்து 3 நாள் கழிச்சு ஒருக்கா கதைப்பினம், 28 நாள் கழிச்சு திரும்ப ஒருக்கா கதைப்பினம். குணமாக்கிறது அவையின்ர வேலை இல்லை, ஆர் தானா தேறி வாறார், ஆரை டொக்டரிட்ட அனுப்போணும் எண்டு பாக்கிறதுதான். அந்த ரெண்டாவது தரம்தான் முக்கியம் எண்டு நான் சொல்லுவன், முதல் கிழமை எல்லாரும் விசாரிப்பினம், ஒரு மாசத்தால ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

இன்னொண்டும் சொல்லோணும். நான் செல்லடிக்குள்ள வளந்தனான். இந்த ஒண்டு நடந்த பிறகு, முப்பது வருசமா நினைக்காத பங்கர், அதுக்குள்ள மண்ணெண்ணெய் விளக்கு மணம், எல்லாம் சேர்ந்து கிளம்பினது. உங்களுக்கும் பழசு ஏதும் கிளம்பினா, இது ஏன் இப்ப வருது எண்டு பயப்படாதேங்கோ, சைக்கோலஜிஸ்டிட்ட அதையும் சேத்துச் சொல்லுங்கோ.

லோகோபைலட்_வீட்டம்மா:

இதை எல்லாம் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. என் வீட்டுக்காரரும் இதே வேலைதான். அவரு எதுவும் சொல்ல மாட்டாரு, டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தா எனக்கு தெரிஞ்சுடும். குடிச்சா தூக்கம் வரும்னு ஆரம்பிச்சு, சைன் ஆன் பண்றப்போ ஊதுற மெஷின்ல மாட்டிப்பாரோன்னு நான் உயிரை கையில புடிச்சுகிட்டு இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம், அவங்க என்னையும் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு சில விஷயம் சொன்னாங்க. தூங்குறவரை தொட்டு எழுப்பாதீங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பேரு சொல்லி கூப்பிடுங்க. பின்னாடி வந்து நிக்காதீங்க. பசங்ககிட்ட அப்பாவுக்கு உன் மேல கோபம் இல்ல, வேலைல பாத்தது ஒண்ணு அவரை தூங்க விடலன்னு அவங்களுக்கு புரியுற மாதிரி சொல்லிடுங்க, இல்லைன்னா அதுங்க தன்னாலதான்னு நெனச்சுக்கும். அண்ணா, உங்க பொண்ணுக்கு இதை சொல்லிப் பாருங்க, எங்க வீட்ல அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

குரூப் ஆரம்பிச்சா வீட்ல இருக்குறவங்களுக்கும் ஒரு மூலைல இடம் குடுங்க. எங்களுக்கும் பேச ஆள் கிடையாது.

கட்டை_வண்டி:

ரிட்டயர்டு சார், சாரி. ஊட்டின்னு எழுதினது நானே திரும்ப படிச்சுப் பாத்தேன். ஒரு டவுட், டிகேடகரைஸ் ஆனா (மெடிக்கல்ல அன்ஃபிட் ஆகி வேற வேலைக்கு மாத்திட்டா) அலவன்ஸ் மொத்தமா போயிடுமா? அவுட்டர் அண்ணனுக்கு அதுதானே பெரிய பயம்.

ரிட்டயர்டு_மெயில்டிரைவர்:

சாரி எல்லாம் எதுக்கு. ஓட்டினாத்தான் கிலோமீட்டர் காசு, அது நிக்கும், மறைக்கிறதுக்கு இல்ல. ஆனா மெடிக்கல்ல இறங்கி வேற போஸ்ட்டுக்கு போறப்போ பேசிக்ல 30 சதவீதம் சேர்த்துதான் சம்பளம் பிக்ஸ் பண்ணுவாங்க, ரன்னிங் அலவன்ஸ்ல அந்த அளவு சம்பளமாவே கணக்கு. ஆக நஷ்டம் உண்டு, நடுத்தெரு கிடையாது. பர்சனல் ஆபீஸ்ல உன் பேப்பரை வெச்சு ஒரு தடவை கணக்கு போட்டு பாத்துக்கோ, தொகை என்னன்னு தெரிஞ்சுட்டாலே பயம் பாதியாயிடும். அதோட சைக்கியாட்ரி சீட்டு வாங்கினவங்க எல்லாரும் இறங்கினதில்ல, கொஞ்ச நாள் சிக்ல இருந்து ஃபிட் வாங்கிட்டு திரும்ப மெயில் ஓட்டினவங்களை நானே பாத்திருக்கேன்.

அவுட்டர்_சிக்னல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொஞ்ச நாள் கழிச்சுதான் எழுத முடிஞ்சுது. சிக் போட்டிருக்கேன். முதல்ல 14416க்குத்தான் அடிச்சேன், ஒரு பொண்ணு பேசுச்சு, அவசரமே படல, கடைசில எங்க ஊருக்கு பக்கத்துல எங்க போகணும்னு சொல்லுச்சு. போனேன். டாக்டர்கிட்ட ரயில் ஓட்டுறேன்னு முதல் வரியிலயே சொல்லிட்டேன். தெரபி ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு பெருசா ஒண்ணும் மாறிடல, தூக்கம் மட்டும் கொஞ்சம் பரவாயில்ல. பொண்ணுகிட்ட வீட்டம்மா அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன், ‘அப்ப நான் முன்னாடி வந்து கூப்பிடுறேன்’னு சொல்லிட்டு போயிடுச்சு.

ரிட்டயர்டு சாரை நேர்ல பாத்தேன், நானும் இன்னும் ரெண்டு பேரும். குரூப் நடத்தணும், ஆனா நம்ம லிங்க்ல (டியூட்டி அட்டவணை) ரெண்டு பேருக்கு ஒரே நாள் ரெஸ்ட் விழுறதே கஷ்டம், ஞாயித்துக்கிழமைன்னு எல்லாம் வைக்க முடியாது. அதனால இப்படி யோசிச்சிருக்கோம்: ஆளுக்கு ஒரு ஜோடி, யாருக்காவது கேஸ் ஆனா ஜோடி ஆளு மூணாவது நாள் போன் பண்ணணும், அப்புறம் ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை, லண்டன் அண்ணன் சொன்ன மாதிரி. மாசத்துக்கு ஒரு நாள் சார் வீட்டு மொட்டை மாடில, அன்னிக்கு யாருக்கு ரெஸ்ட்டோ அவங்க. இன்ஸ்பெக்டருங்க வேணாம், சரக்கு வேணாம், போட்டோ அனுப்புறவன் அன்னிக்கே வெளிய.

புது_ஏஎல்பி:

சார் நான் ஏஎல்பி, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. போன மாசம் முதல் கேஸ். வண்டி நின்னதும் இறங்கி பின்னாடி நடந்து போய் பாக்குறது நாங்கதான். லோகோ பைலட்டுங்க மட்டும்தானா, இல்ல நானும் வரலாமா?

ரிட்டயர்டு_மெயில்டிரைவர்:

வா தம்பி, முதல்ல வர வேண்டியதே நீதான். உன் லிங்க்கை எனக்கு பிரைவேட்ல அனுப்பு, எந்த தேதி ரெஸ்ட்டுன்னு பாத்து அன்னிக்கே வெச்சுக்கலாம். இப்ப தூக்கம் எப்படி இருக்கு, அதையும் சேர்த்து எழுது.